வெள்ளை ஈக்கு விடை தேடும் வகுப்பு

2016ஆம் ஆண்டு ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் அதுவரை யாரும் பார்த்திராத ஒரு பூச்சி தென்பட்டது. ஓலையின் அடிப்பக்கத்தில் சுருள் சுருளாக முட்டையிடும் வெள்ளை ஈ அது. சாற்றை உறிஞ்சிவிட்டு இனிப்பான கழிவைக் கீழே சொட்டும். அந்தப் பிசுபிசுப்பில் பூசணம் படர்ந்து, கீழ்மட்டைகள் கரி பூசியதுபோல் கறுத்துவிடும். மத்திய அமெரிக்க நாடான பெலீஸில் கிடைத்த மாதிரிகளை வைத்து 2004இல் தான் அறிவியல் உலகம் அதற்குப் பெயரே வைத்தது. ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ என்ற அதன் பொதுப்பெயரை இன்று கொங்கு நாட்டுத் தென்னை விவசாயிகள் எல்லோரும் சொல்கிறார்கள்.

தோப்பு கறுத்துப் போனால் விவசாயி என்ன செய்வார்? பூச்சிமருந்துக் கடையில் கேட்பார். யூடியூபில் தேடுவார். வாட்ஸ்அப் குழுவில் வந்த குறிப்பைப் பார்ப்பார். பக்கத்துத் தோட்டத்து அண்ணனிடம் விசாரிப்பார். ஆளுக்கு ஒரு பதில் கிடைக்கும். கடைக்காரர் ஒரு மருந்தைக் கொடுப்பார். காணொளி வேறொன்றைச் சொல்லும். கோவையில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமோ ரசாயன மருந்து அடிப்பதைத் தவிர்க்கச் சொல்லும். இத்தனை பதில்களில் எதை நம்புவது என்று முடிவெடுக்கிற திறமைக்குக் கல்வியாளர்கள் வைத்திருக்கும் பெயர் தகவல் எழுத்தறிவு.

தனக்கு என்ன தெரிய வேண்டும் என்று உணர்வது, அது எங்கே கிடைக்கும் என்று அறிவது, கிடைத்ததை எடைபோடுவது, பிறகு அதைச் சரியாகப் பயன்படுத்துவது ஆகிய நான்கும் அதில் அடங்கும். 1974இல் அமெரிக்காவின் பால் சுர்கோவ்ஸ்கி இந்தச் சொல்லை முதலில் பயன்படுத்தினார். 2005இல் யுனெஸ்கோ ஆதரவுடன் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் கூடிய அறிஞர்கள், இதை வாழ்நாள் கல்வியின் அடிப்படை என்று அறிவித்தார்கள். இதைக் கற்பிக்க இயற்கையான இடம் நூலகம். எப்படிக் கற்பிப்பது என்பதில்தான் சிக்கல்.

வழக்கமான முறை எல்லோருக்கும் தெரிந்ததே. கல்வியாண்டின் தொடக்கத்தில் மாணவர்களை வரிசையாக நூலகத்துக்கு அழைத்து வருவார்கள். இது நாளிதழ்ப் பகுதி, இது குறிப்புதவி நூல்கள், இது போட்டித் தேர்வுப் பிரிவு, புத்தகத்தைக் கிழிக்கக் கூடாது, பேசக் கூடாது என்று நூலகர் சொல்லி முடிப்பார். அரை மணி நேரத்தில் வரிசை திரும்பிவிடும். அடுத்த வாரம் கேட்டால் பேசக் கூடாது என்பது மட்டும் ஞாபகம் இருக்கும். குறை நூலகருடையது அல்ல. எதைத் தேடப் போகிறோம் என்று தெரியாத மாணவருக்கு எது எங்கே இருக்கிறது என்று சொன்னால் மனதில் எப்படித் தங்கும்?

இந்த வரிசையைத் தலைகீழாக்குவதுதான் சிக்கல் வழிக் கற்றல். முதலில் சிக்கல் வரும். பாடம் அதற்குப் பின்னால் வரும். 1969இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் தன் முதல் மருத்துவ மாணவர்களை இந்த முறையில் படிக்க வைத்தது. உடற்கூறியல், உடலியங்கியல் என்று ஆண்டுக்கணக்கில் விரிவுரை கேட்டுவிட்டுப் பிறகு நோயாளியைப் பார்க்கும் பழைய வழக்கத்தை அது கைவிட்டது. முதல் நாளிலிருந்தே சிறு குழுக்களுக்கு ஒரு நோயாளியின் கதை கொடுக்கப்பட்டது. இவருக்கு என்ன, ஏன், இதை அறிய நமக்கு என்னென்ன தெரிய வேண்டும் என்று அவர்களே பேசி, பட்டியல் போட்டு, தேடிப் படித்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர் இந்த முறையை வளர்த்தெடுத்தார். நெதர்லாந்தின் மாஸ்டிரிக்ட் பல்கலைக்கழகம் இதை ஏழு படிகளாக வகுத்தது.

இதனால் நேரடி மாற்றம் கண்ட இடங்களில் ஒன்று நூலகம். 1993இல் மருத்துவ நூலகங்களைப் பற்றி வெளிவந்த ஒரு கனடிய ஆய்வு, சிக்கல் வழியில் படித்த மாணவர்கள் விரிவுரை வழியில் படித்தவர்களைவிட அடிக்கடி நூலகத்தைப் பயன்படுத்தியதாகவும், தேடும் திறனைப் படிப்பின் தொடக்கத்திலேயே பெற்றதாகவும் கண்டது. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக நூலகர் அலெக்சியஸ் ஸ்மித் மாக்லின் 2001இல், நூலக வகுப்பையே இந்த முறையில் எப்படி நடத்துவது என்று எழுதினார். இந்தியாவிலும் 2019 முதல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில், நோயாளியிடம் பேசுவது, அறநெறி ஆகியவற்றுக்கான 27 பாடப்பகுதிகள் சிக்கலை மையமாக வைத்தே அமைக்கப்பட்டுள்ளன. மருத்துவக் கல்லூரிக்குப் போகாத பிள்ளைக்கும் இது கிடைக்க வேண்டும். அதற்கான இடம் ஊர் நூலகம்.

அதற்கு வேண்டியவற்றில் பெரும்பகுதி கொங்கு நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது. இந்திய நூலகவியலின் தந்தை எஸ்.ஆர். ரங்கநாதன் பிறந்தது சீர்காழியில் என்றாலும், நூலகராவதற்கு முன் மங்களூர், கோயம்புத்தூர், சென்னை ஆகிய ஊர்களின் அரசுக் கல்லூரிகளில் கணித ஆசிரியராக இருந்தார். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானபோது ஆசிரியரின் மனத்தோடுதான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். வாசகர் அருகே நின்று அவர் தேடலுக்குத் துணைபுரியும் குறிப்புதவிப் பணியை நூலகத்தின் உயிர்ப்பகுதியாக அவர் கருதினார்.

அவர் பல ஆண்டுகள் போராடிய நூலகச் சட்டம் 1948இல் நிறைவேறியபோது, சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்தவர் திருப்பூரில் பிறந்த தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார். சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் அது. சொத்து வரியோடு வசூலாகும் 10 விழுக்காடு நூலக வரி அந்தச் சட்டத்தின் வழியில் வந்ததே. மாவட்ட நூலக ஆணைக்குழுக்களின் கீழ் மாநிலத்தில் இன்று நாலாயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட நூலகங்கள் இயங்குகின்றன. அதே அவினாசிலிங்கம் தொடங்கிய தமிழ் வளர்ச்சிக் கழகம்தான் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகத் தமிழ்க் கலைக்களஞ்சியத்தை வெளியிட்டது. அதன் முதன்மைப் பதிப்பாசிரியர் பெ. தூரன், ஈரோடு மாவட்டம் மொடக்குறிச்சிப் பக்கத்து மஞ்சக்காட்டுவலசுக்காரர். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் இன்று அதை யாரும் கைப்பேசியிலேயே படிக்கலாம்.

கட்டடம் இருக்கிறது, வரி இருக்கிறது, நூல் இருக்கிறது. கேள்வியோடு உள்ளே வரும் பிள்ளைகள்தான் குறைவு. தாலுகா ஊர்களின் கிளை நூலகங்களில் பெரும்பாலும் தென்படுவது டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிப்பவர்களும் நாளிதழ் பார்க்கும் பெரியவர்களும்தான்.

தாராபுரத்தில் இப்படி ஒரு வகுப்பு நடந்தால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஐந்து ஐந்து பேராக உட்கார்ந்திருக்கிறார்கள். நூலகர் ஒரு தாளைக் கொடுக்கிறார்: “அமராவதிப் பாசனத்தில் எண்பது தென்னை வைத்திருக்கும் ஒரு விவசாயியின் தோப்பில் கீழ்மட்டைகள் கறுத்துவிட்டன. கடைக்காரர் ஒரு மருந்தை வாரம் ஒருமுறை அடிக்கச் சொல்கிறார். ஒரு காணொளி வேப்பெண்ணெய் போதும் என்கிறது. பக்கத்துத் தோட்டக்காரர் எதுவும் செய்ய வேண்டாம் என்கிறார். அந்த விவசாயிக்கு நீங்கள் என்ன சொல்வீர்கள்? எதை வைத்துச் சொல்வீர்கள்?”

தாளில் வேறு எதுவும் இல்லை. எந்தப் புத்தகம், எத்தனையாம் பக்கம் என்று எதுவும் சொல்லப்படவில்லை. பிள்ளைகள் முதலில் கரும்பலகையில் மூன்று கட்டம் போடுகிறார்கள். நமக்கு என்ன தெரியும்? என்ன தெரிய வேண்டும்? எங்கே கிடைக்கும்? தோட்டத்துப் பிள்ளைகளுக்கு முதல் கட்டத்தில் எழுத நிறைய இருக்கும். இரண்டாவது கட்டம்தான் அவர்களைத் தடுமாற வைக்கும். மட்டை கறுத்தது ஈயாலா, பூசணத்தாலா? மருந்து ஈயைக் கொன்றால் வேறு எதையும் கொல்லுமா? மரத்துக்கு உண்மையில் எவ்வளவு சேதம்? இந்தக் கேள்விகளைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கும் வரை நூலகர் காத்திருக்க வேண்டும். பாடம் தொடங்குவது அந்தக் காத்திருப்பில்தான்.

பிறகு தேடல். ஒரு குழு அலமாரியில் தென்னை சாகுபடி நூல் ஒன்றை எடுக்கிறது. அதில் இந்த ஈயைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

“ஏனுங்க மேடம், தென்னையப் பத்தி இவ்ளோ இருக்குது, இதக் காணோமுங்க?”

“புக்கு எந்த வருசம் வந்ததுன்னு பாரு கண்ணு.”

நூல் 2010இல் வந்தது. பூச்சி இங்கே வந்தது 2016இல். பதிப்பு ஆண்டைப் பார்க்க வேண்டும் என்ற பாடத்தைப் பத்து முறை விரிவுரையாகச் சொன்னாலும் மறந்துபோகும். இப்படி ஒருமுறை முட்டி நின்ற பிள்ளைக்கு அது மறக்காது.

இன்னொரு குழு கணினியில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் அக்ரிடெக் தளத்துக்குப் போகிறது. மஞ்சள் ஒட்டும் பொறி கட்டுவது, ஓலையின் அடியில் விசையாகத் தண்ணீர் பீய்ச்சுவது, என்கார்சியா என்னும் ஒட்டுண்ணிக் குளவியைப் பெருக்குவது, கறுத்த ஓலையில் லிட்டருக்கு 25 கிராம் மைதாப் பசை கரைத்துத் தெளிப்பது என்று வல்லுநர்கள் சொல்லும் வழிகள் கிடைக்கின்றன. காரணமும் கிடைக்கிறது. மைதாப் பசை காய்ந்து உதிரும்போது பூசணத்தையும் சேர்த்து உரித்துக்கொண்டு போகும். ரசாயன மருந்து அடித்தால் ஈயைத் தின்னும் குளவியும் பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியும் செத்துப்போகும். ஈ பிறகு முன்பைவிட அதிகமாகப் பெருகும்.

மூன்றாவது குழு காணொளியையே ஆராய்கிறது. பேசுகிறவர் யார்? எங்கே வேலை செய்கிறார்? காணொளியின் கீழே விற்பனைக்கான தொலைபேசி எண் இருக்கிறதா? இருந்தால் அவர் சொல்வது பொய் என்று ஆகிவிடாது, ஆனால் வேறோர் இடத்திலும் சரிபார்க்க வேண்டும் என்று ஆகிறது. கடைசியில் எல்லாக் குழுக்களும் கூடி, அந்த விவசாயிக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுகின்றன. ஒவ்வொரு ஆலோசனைக்கும் பக்கத்தில் அது எங்கிருந்து எடுக்கப்பட்டது என்ற குறிப்பு இருக்க வேண்டும். முடிந்தால் ஒரு வேளாண் அலுவலரோ ஆழியார் தென்னை ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானியோ அந்தக் கடிதத்தைப் படித்துக் கருத்துச் சொல்ல வேண்டும்.

எல்லாச் சிக்கலுக்கும் இப்படி ஒரே விடை வராது. வராத சிக்கல்களுக்கும் தாராபுரத்தில் பஞ்சமில்லை. பாண்டவர்கள் மறைந்து வாழ்ந்த விராடபுரம் இதுதான் என்று ஊரில் வழிவழியாகச் சொல்வார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு இது அருமையான ஆய்வுப் பொருள். தேடத் தொடங்கினால், ராஜஸ்தானின் பைராட் முதல் கர்நாடகத்தின் ஹாங்கல் வரை பல ஊர்கள் அதே பெருமையைச் சொல்லிக்கொள்வது தெரியவரும். அப்போது பிள்ளைகள் கேட்க வேண்டிய கேள்வி, இந்தக் கதை எப்போது முதன்முதலில் எழுத்தில் வந்தது என்பது. கல்வெட்டில் இருக்கிறதா, தலபுராணத்தில் இருக்கிறதா, எஃப்.ஏ. நிக்கல்சன் 1887இல் வெளியிட்ட கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டில் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கலாம். அந்த வழியிலேயே இன்னொரு செய்தியும் கையில் கிடைக்கும். 1799இல் ஆங்கிலேயர் இந்தப் பகுதியைக் கைப்பற்றியதும் அதை வடக்கு, தெற்கு என இரு மாவட்டங்களாகப் பிரித்தார்கள். வடக்குக்குப் பவானியும் தெற்குக்குத் தாராபுரமும் தலைநகரங்கள். 1804இல் இரண்டும் ஒன்றாகி, தலைமையிடம் கோயம்புத்தூருக்குப் போனது. ஊரின் நம்பிக்கையை மதித்துக்கொண்டே, ஆவணம் உள்ள செய்தியையும் வாய்மொழியாக வந்த செய்தியையும் தனித்தனியாகப் பார்க்கப் பழகுவது சின்ன வயதில் கிடைக்க வேண்டிய பயிற்சி.

இந்தப் பயிற்சி இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று திருப்பூர் மாவட்டம் 2023 மார்ச் மாதத்தில் கண்டது. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள், கொல்லப்படுகிறார்கள் என்று வடமாநிலங்களில் காணொளிகள் பரவின. தமிழ்நாட்டுக் காவல்துறைத் தலைவர் அவை பொய் என்று விளக்கினார். பரவியவற்றில் ஒன்று திருப்பூரில் பீகார்த் தொழிலாளர்களே இரு குழுவாக மோதிக்கொண்டது, மற்றொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் இருவருக்கு இடையே நடந்தது. விளக்கம் வருவதற்குள் பயம் பரவிவிட்டது. பனியன் நிறுவனத் தொழிலாளர்கள் பலர் ஊருக்கு ரயில் ஏறினார்கள். பீகார் அரசு அதிகாரிகள் குழு ஒன்றை அனுப்பி நேரில் விசாரித்தது.

இந்தக் காணொளிகளையே ஒரு வகுப்பின் சிக்கலாக வைக்கலாம். இதில் கற்றுத்தர வேண்டிய உத்தியை ஓர் ஆய்வு தெளிவாகக் காட்டியிருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் வரலாற்றுப் பேராசிரியர்கள் 10 பேர், உண்மை சரிபார்க்கும் பத்திரிகையாளர்கள் 10 பேர், மாணவர்கள் 25 பேர் ஆகியோருக்கு இணையப் பக்கங்களைக் கொடுத்து, நம்பலாமா என்று கேட்டார்கள். பேராசிரியர்களில் பலரும் மாணவர்களும் அந்தப் பக்கத்திலேயே தங்கி, மேலிருந்து கீழாகப் படித்து, அழகான வடிவமைப்பையும் பெயரையும் பார்த்து ஏமாந்தார்கள். பத்திரிகையாளர்கள் சில நொடிகளில் அந்தப் பக்கத்தைவிட்டு வெளியேறி, அதை நடத்துவது யார் என்று வேறு தளங்களில் தேடினார்கள். சரியான முடிவுக்கும் சீக்கிரம் வந்தார்கள். கொடுத்த பக்கத்தை விட்டு வெளியே வந்து பார்ப்பது என்ற இந்தப் பழக்கத்தை எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் சொல்லித்தர முடியும்.

பக்கத்துக் கேரளம் சொல்லித்தந்திருக்கிறது. 2018இல் கண்ணூர் மாவட்ட ஆட்சியர் மீர் முகமது அலி, சுமார் 150 அரசுப் பள்ளிகளில் ‘சத்யமேவ ஜயதே’ என்ற பெயரில் பொய்ச்செய்தியை இனங்காணும் வகுப்புகளைத் தொடங்கினார். தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி பற்றிய வதந்தியால் பெற்றோர் பலர் பிள்ளைகளுக்கு ஊசி போட மறுத்ததும் அதற்கு ஒரு காரணம். 2017இல் அதே தடுப்பூசி இயக்கத்தைத் தமிழ்நாட்டிலும் அதே மாதிரி வாட்ஸ்அப் வதந்திகள் பாதித்தன. கேரள அரசின் கைட் நிறுவனம் 2022இல் அந்தப் பயிற்சியை விரிவாக்கி, 5 முதல் 10ஆம் வகுப்பு வரை ஏறத்தாழ 20 லட்சம் மாணவர்களிடம் கொண்டுபோனது.

செயற்கை நுண்ணறிவு வந்தபின் தேவை இன்னும் கூடியிருக்கிறது. 2023இல் நியூயார்க்கில் வழக்கறிஞர்கள் இருவர் சாட்ஜிபிடி கொடுத்த வழக்குகளை மேற்கோள் காட்டி நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்தார்கள். அப்படிப்பட்ட வழக்குகளே நடந்ததில்லை. நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார். படித்தவர்களே மூல ஆவணத்தைப் பார்க்கத் தவறும்போது, வீட்டுப்பாடத்துக்குக் கைப்பேசியிடம் கேட்கும் பிள்ளையை மட்டும் குறை சொல்ல முடியாது.

இந்த முறைக்கு இடையூறுகளும் உண்டு. முதலாவது நேரம். ஒரு சிக்கலுக்குக் குறைந்தது மூன்று, நான்கு பாடவேளை வேண்டும். தேர்வு நெருங்கினால் நூலகப் பாடவேளையைக் கணக்கும் அறிவியலும் எடுத்துக்கொள்வது பள்ளிகளில் வழக்கமாகிவிட்டது. இரண்டாவது, குழுவில் ஒருவர் தேட மற்றவர்கள் வேடிக்கை பார்க்கும் நிலை. தேடுகிறவர், எழுதுகிறவர், ஆதாரம் சரிபார்க்கிறவர் என்று வேலையைச் சுழற்சியில் பிரித்துக் கொடுத்தால் இது குறையும். மூன்றாவது, சிக்கலைத் தவறாக அமைப்பது. “தென்னையின் பயன்கள் யாவை?” என்பது சிக்கல் ஆகாது, அதற்கு ஒரு புத்தகத்தைப் பார்த்து எழுதினால் போதும். ஒன்றோடொன்று முரண்படும் தகவல்களும், முடிவெடுத்தே ஆக வேண்டிய ஓர் ஆளும் இருந்தால்தான் தேடலுக்கு உயிர் வரும். நான்காவது, மதிப்பெண். கடைசி விடைக்கு மட்டும் மதிப்பெண் போட்டால் பிள்ளைகள் குறுக்குவழி தேடுவார்கள். எங்கெங்கே தேடினோம், எதை ஏன் ஒதுக்கினோம் என்று எழுதிவைக்கும் தேடல் குறிப்பேட்டுக்கும் மதிப்பெண் வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஆசிரியரும் நூலகரும் ஒன்றாக உட்கார்ந்து திட்டமிட வேண்டும். பாடம் தெரிந்தவர் ஆசிரியர், தேடும் வழி தெரிந்தவர் நூலகர். பகுதி நேர நூலகத்திலும் ஊர்ப்புற நூலகத்திலும் ஒற்றை ஆளாகப் புத்தகம் கொடுத்து, வாங்கி, கணக்கெழுதும் ஒருவர் தலையில் இதையும் ஏற்றுவது நியாயமில்லை. அங்கே வாசகர் வட்டம் கைகொடுக்கலாம். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், விவசாயிகள், செவிலியர்கள், வழக்கறிஞர்கள் என்று ஒவ்வொரு ஊர் வட்டத்திலும் ஆள் இருக்கிறார்கள். சனிக்கிழமை இரண்டு மணி நேரம் ஒரு குழுவோடு உட்கார அவர்களுக்கு முடியும்.

மாவட்ட நூலக ஆணைக்குழு செய்ய வேண்டியதும் கைக்கெட்டும் அளவுதான். நூலகர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி. பள்ளிக் கல்வித் துறையோடு பேசி மாதம் ஒரு கூட்டு வகுப்புக்கு அனுமதி. ஒவ்வொரு கிளை நூலகத்திலும் அந்த ஊரின் கேள்விகளைக் கொண்ட ஒரு கோப்பு. காங்கேயத்துக் கோப்பில் மாட்டினத்தைப் பற்றிய கேள்வி இருக்கட்டும், மூலனூர்க் கோப்பில் முருங்கை விலை பற்றி இருக்கட்டும், திருப்பூர்க் கோப்பில் நொய்யலும் சாயக்கழிவும் இருக்கட்டும். ஆகஸ்ட் 12ஆம் தேதி ரங்கநாதன் பெயரால் தேசிய நூலகர் தினம் கொண்டாடுகிறோம். அன்று மாலை போட்டு, கட்டுரைப் போட்டி வைத்து முடித்துக்கொள்ளாமல், பள்ளி மாணவர்களின் ஒரு குழு தான் எடுத்துக்கொண்ட ஊர்க் கேள்வியையும் கண்ட விடையையும் ஆதாரங்களோடு வாசகர் வட்டத்தின் முன் வைக்கட்டும், பெரியவர்கள் குறுக்குக் கேள்வி கேட்கட்டும். அடுத்த ஆண்டுக் குழு அந்தக் கோப்பைத் திறந்து, முந்தைய விடையைத் திருத்திக்கொண்டு மேலே தொடரலாம்.